சிறிய ரோந்துப் படகுகள்: மலைநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

டிசம்பர் 4ஆம் நாள் கடற்படை நாள் என்பதையொட்டி, சிறிய ரோந்துப் படகுகளின் வடிவமைப்பைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பகுதியிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: பைக்காரா ஏரியில் வேகப் படகில் ஏறியபோது, புறப்பட்ட சில நொடிகளுக்குப் படகின் முன்பகுதி மேலே தூக்கிக்கொண்டது. பிறகு அது தாழ்ந்து, படகு தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. கடற்படையின் ரோந்துப் படகுகளும் இப்படித்தான் ஓடுகின்றனவா?
— பள்ளி ஆசிரியை, உதகமண்டலம்

பதில்: தாங்கள் கவனித்த அந்தச் சில நொடிகளில்தான் வேகப் படகு வடிவமைப்பின் சிக்கல் முழுவதும் தொடங்குகிறது. எந்தப் படகும் ஓடும்போது தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அப்போது படகின் முன்முனை ஒரு முகட்டிலும் பின்முனை அடுத்த முகட்டிலும் நிற்கும். அதற்கு மேலும் வேகத்தைக் கூட்டினால், பின்முனை பள்ளத்தில் இறங்கிவிட, பர்லியாறு ஏற்றத்தில் கியரைக் குறைத்துக்கொண்டு ஏறும் பேருந்தைப் போல, படகு தான் எழுப்பிய அலையின் மீதே ஏற வேண்டியதாகிறது. முன்பகுதி தூக்கிக்கொள்வதும் எஞ்சின் திணறுவதும் அந்த இடத்தில்தான். (பைக்காராவில் அந்தத் திணறல் சற்றுக் கூடுதலாகவே தெரியும். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே தன் முழு வலுவைக் காட்ட இயலாது.)

இந்த எல்லை வேகத்தைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், வேகம் நாட் அளவில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 36 அடிப் படகுக்கு இந்த எல்லை 8 நாட். இந்தியக் கடற்படையின் 49 மீட்டர் நீளமுள்ள கார் நிக்கோபார் வகை ரோந்துக் கலத்துக்கு ஏறத்தாழ 17 நாட். ஆனால் அந்தக் கலம் 30 நாட்டுக்கும் மேல் ஓடுகிறது. எல்லையைத் தாண்டுவதற்கு இரண்டு வழிகள் கண்டறியப்பட்டன. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியாகவே நூறாண்டுகளாக வளர்ந்து வந்திருக்கின்றன.

முதல் வழி தாங்கள் பைக்காராவில் கண்டது. அடிப்பகுதியைத் தட்டையாகவும் பக்க விளிம்பைக் கூர்மையாகவும் அமைத்தால், போதிய வேகத்தில் நீரே படகை மேலே தூக்கிவிடும். நீரில் தோயும் பரப்பு குறைவதால் உராய்வும் குறைந்துவிடும். இங்கிலாந்தில் தார்னிகிராஃப்ட் நிறுவனம் முதல் உலகப் போரின்போது கட்டிய 40 அடி டார்பிடோ படகுகள் (டார்பிடோ என்பது நீருக்கடியில் பாய்ந்து சென்று கப்பலைத் தாக்கும் வெடிகுண்டு) இந்த முறையில் 30 நாட்டுக்கு மேல் ஓடின. இரண்டாவது வழி, அடிப்பகுதியை உருண்டையாக வைத்துக்கொண்டு, உடலை நீளமாகவும் ஒடுக்கமாகவும் அமைத்து, மிகுந்த எஞ்சின் வலுவால் அலையைப் பிளந்துகொண்டு செல்வது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் லியூர்சன் நிறுவனம் கட்டிய சுமார் 35 மீட்டர் நீளமுள்ள டார்பிடோ படகுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றின் மூலவடிவம், 1920களில் ஒரு செல்வந்தருக்காக அதே நிறுவனம் கட்டிய ஓர் உல்லாசப் படகு என்பது வியப்பூட்டும் செய்தி. அந்த டார்பிடோ படகுகளில் நடுவிலுள்ள சுக்கானுக்கு இருபுறமும் இரண்டு சிறிய சுக்கான்களைப் பொருத்தி, அவற்றை வெளிப்புறமாகத் திருப்பியபோது, பின்பகுதி நீரில் அமிழ்வது குறைந்து வேகம் கூடியதைக் கண்டுபிடித்தார்கள். எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாமல் கிடைத்த வேகம் அது.

இப்போது தங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஏரியில் தட்டையான அடிப்பகுதி போதும். கடலில் அது பேராபத்து. ஒன்றரை மீட்டர் அலையின் முகட்டிலிருந்து 35 நாட் வேகத்தில் பாயும் தட்டையான படகு அடுத்த அலையில் மோதும்போது, தண்ணீர் கருங்கல் தளம்போல நடந்துகொள்கிறது. ஒவ்வொரு மோதலிலும் மாலுமியின் உடல் தன் எடையைப் போலப் பல மடங்கு எடையை ஒரு கணம் தாங்க வேண்டியிருக்கிறது. இதை மணிக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் மாலுமிகளுக்கு முதுகெலும்பிலும் முழங்காலிலும் நிரந்தரக் காயங்கள் ஏற்படுகின்றன. இதற்குத் தீர்வாக, அடிப்பகுதியை முன்முனை முதல் பின்முனை வரை ஆழமான ‘வி’ வடிவில் அமைக்கும் முறையை அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹண்ட் கொண்டுவந்தார். 1960ஆம் ஆண்டு மயாமியிலிருந்து நஸ்ஸாவுக்கு நடந்த கடற்பந்தயத்தில், கொந்தளிப்பான கடலில் அவருடைய வடிவத்தில் அமைந்த படகு முதலில் வந்த பிறகு, உலகெங்கும் கடற்படைகள் அந்த வடிவத்தைக் கையில் எடுத்தன. கிடைமட்டத்திலிருந்து 20 முதல் 24 பாகை வரை சரிந்த அந்த அடிப்பகுதி அலையை அறையாமல் வெட்டுகிறது. ஆனால் தட்டையான அடிப்பகுதி அளவுக்கு நீர் அதைத் தூக்குவதில்லை. எனவே அதே வேகத்துக்குக் கூடுதல் எஞ்சின் வலு வேண்டும். கூடுதல் எஞ்சினுக்குக் கூடுதல் எரிபொருள், அந்த எரிபொருளின் எடையைச் சுமக்க இன்னும் பெரிய உடல் என்று கணக்கு நீண்டுகொண்டே போகும்.

அதனால் ஒரு ரோந்துப் படகின் உச்ச வேகத்தைப் படிக்கும்போது, அந்த எண் பெரும்பாலும் அமைதியான நீரில், குறைந்த சுமையுடன் எடுக்கப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு மீட்டர் அலையில் எத்தனை மணி நேரம், எந்த வேகத்தில், மாலுமிகள் வேலை செய்யும் நிலையில் இருக்கும்படி அது ஓடும் என்பதே முதன்மையான கேள்வி என்பது என் உறுதியான கருத்து. அதிர்வைத் தாங்கும் இருக்கைகளுக்குச் செலவிடும் பணம், எஞ்சினில் கூட்டும் சில நாட் வேகத்தைவிடப் பல நேரங்களில் பயனுள்ளது.

கேள்வி: நான் மரவேலை செய்பவன். போர்க்காலத்து வேகப் படகுகளை மரத்தால் கட்டினார்கள் என்று படித்தேன். நம் பக்கத்துத் தேக்கு அதற்குப் பயன்பட்டதா? இன்று மரத்தைக் கைவிட்டது ஏன்?
— வாசகர், கூடலூர்

பதில்: நாடுகாணி வழியாக மலையிறங்கினால் வரும் நிலம்பூரில், 1840களில் மலபார் கலெக்டர் கனோலி தேக்குத் தோட்டம் உருவாக்கியதன் முக்கிய நோக்கம் கப்பல் கட்டும் மரத்துக்குத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்வதே. அதற்கு முன்பே மலபார் தேக்கால் பம்பாயில் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறக்கப்பட்ட ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. ஆனால் வேகப் படகு கட்டுவோருக்குத் தேக்கைவிட மகாகனியே ஏற்றதாக இருந்தது. தேக்கில் இயற்கையாக உள்ள எண்ணெய் பசையைச் சரியாகப் பிடிக்க விடாது என்பது தங்களுக்கே அனுபவத்தில் தெரிந்திருக்கும். வேகப் படகின் உறுதியோ முழுக்க முழுக்கப் பசையை நம்பியிருந்தது.

அமெரிக்காவின் எல்கோ நிறுவனம் கட்டிய 80 அடி டார்பிடோ படகுகளில், மகாகனிப் பலகைகளைச் சாய்வாக ஓர் அடுக்கு பொருத்தி, அதன் மேல் பசையில் நனைத்த துணியை விரித்து, எதிர்ச்சாய்வில் அடுத்த அடுக்கைப் பொருத்தினார்கள். பலகைகளின் திசை மாறுவதால் உடல் எந்தப் பக்கமும் முறுக்கிக்கொள்ளாது. பிரிட்டனில் ஃபேர்மைல் நிறுவனம் ஒட்டுப்பலகைச் சட்டங்களை முன்கூட்டியே அறுத்துத் தயாரித்து, உதிரிகளாகப் பல சிறு படகுத்துறைகளுக்கு அனுப்பி, அங்கே ஒன்றுசேர்க்க வைத்தது. சட்டங்களை அறுக்கும் வேலையில் மரச்சாமான் செய்யும் பட்டறைகள் ஈடுபட்டன. எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், தங்கள் தொழிலைச் செய்தவர்களின் கைத்திறனே ஒரு பெரும் கடற்படைப் பிரிவை நீரில் இறக்கியது என்பதைப் பெருமையோடு சொல்லலாம்.

மரத்தின் குறைகளும் அங்கேயே வெளிப்பட்டன. நாள்பட நீரை உறிஞ்சிப் படகின் எடை கூடியது, வேகம் குறைந்தது. அமெரிக்கப் படகுகளின் மூன்று பாக்கார்ட் எஞ்சின்களும் விமானப் பெட்ரோலில் ஓடியவை. ஏறத்தாழ 11,000 லிட்டர் பெட்ரோலை வயிற்றில் சுமந்த மரப் படகில் ஒரு குண்டு பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியர் டீசல் எஞ்சின்களைப் பயன்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று மரத்தின் இடத்தை அலுமினியமும் ஃபைபரும் எடுத்துக்கொண்டன. எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அலுமினியத்தின் அடர்த்தி. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலும் குஜராத்தின் ஹசீராவிலும் எல் அண்ட் டி நிறுவனம் கடலோரக் காவல்படைக்காகக் கட்டிய இடைமறிப்புப் படகுகள் அலுமினிய உடல் கொண்டவை; சுமார் 27 மீட்டர் நீளம், ஏறத்தாழ 45 நாட் வேகம். ஆனால் அலுமினியத்தைப் பற்றவைத்த இடத்தை ஒட்டிய பகுதி வெப்பத்தால் பலம் குறைகிறது. தீப்பிடித்தால், உருகுவதற்கு வெகு முன்பே அது தன் உறுதியை இழந்துவிடுகிறது. எஃகு உடலின் மேல் அலுமினிய மேற்கட்டுமானம் அமைத்தால், இரண்டும் சேரும் இடத்தில் உப்புநீர் பட்டு அலுமினியம் அரிக்கப்படும். அதைத் தவிர்க்க, ஒருபுறம் எஃகும் மறுபுறம் அலுமினியமும் தொழிற்சாலையிலேயே பிணைக்கப்பட்ட பட்டைகளை இடையில் வைத்துப் பற்றவைக்கிறார்கள்.

கேள்வி: 1971 போரில் நம் சிறு ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின என்பது தெரியும். அவ்வளவு சிறிய படகால் அது எப்படி இயன்றது? இயன்றது என்றால், இன்று எல்லாக் கடற்படைகளும் ஏன் சிறு படகுகளையே கட்டுவதில்லை?
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வெலிங்டன்

பதில்: சிறிய படகு பெரிய கப்பலை வீழ்த்தும் எண்ணம் டார்பிடோவோடு பிறந்தது. 1876இல் தார்னிகிராஃப்ட் கட்டிய ‘லைட்னிங்’ பிரிட்டன் கடற்படையின் முதல் டார்பிடோ படகு. 1918 ஜூன் 10 அன்று இத்தாலியின் லூயிஜி ரிட்சோ ஒரு சிறு விசைப்படகிலிருந்து டார்பிடோக்களை எய்து, ஆஸ்திரிய-ஹங்கேரியின் ‘சென்ட் இஷ்ட்வான்’ என்ற மாபெரும் போர்க்கப்பலை மூழ்கடித்தார். ஆனால் டார்பிடோ எய்வதற்குப் படகு எதிரியை வெகு அருகில் நெருங்க வேண்டும். அந்தக் கட்டாயத்தை ஏவுகணை நீக்கியது. 1967 அக்டோபர் 21 அன்று எகிப்தின் கோமார் வகைப் படகுகள் ஏவிய சோவியத் ஏவுகணைகள் இஸ்ரேலின் ‘எய்லாட்’ நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தபோது 47 பேர் உயிரிழந்தனர். துறைமுகத்தை விட்டு அதிக தூரம் போகாத சிறு படகுகள் அதைச் செய்துவிட்டன என்ற செய்தி எல்லாக் கடற்படைத் தலைமையகங்களையும் உலுக்கியது.

இந்தியா வாங்கிய ஓசா வகைப் படகுகள் அதே ஏவுகணைகளை நான்கு வீதம் சுமந்தன. அவை சொந்தக் கரையைக் காப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. எதிரியின் துறைமுகம் வரை சென்று திரும்பும் அளவுக்கு எரிபொருளுக்கு இடம் இல்லாதவை. நம் கடற்படை அவற்றைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தத் துணிந்தது. 1971 டிசம்பர் 4 இரவு ‘நிர்காட்’, ‘நிபாட்’, ‘வீர்’ ஆகிய மூன்று படகுகள், கமாண்டர் பப்ரு பான் யாதவ் தலைமையில், ‘கில்டான்’, ‘கட்சால்’ என்ற இரண்டு பெரிய கப்பல்களின் துணையோடு கராச்சியை நோக்கிச் சென்றன. பாகிஸ்தானின் ‘கைபர்’ நாசகாரிக் கப்பலும் கடலில் விதைத்த கண்ணிவெடிகளை அகற்றும் ‘முஹாஃபிஸ்’ என்ற கண்ணிவாரிக் கப்பலும் மூழ்கின. நம் தரப்பில் ஒரு படகுகூட இழக்கப்படவில்லை. படகுகளின் திறமைக்கு இணையாக, துணைக் கப்பல்களையும் நேரத்தையும் இரவையும் சேர்த்துத் திட்டமிட்டவர்களின் திறமையும் அதில் உண்டு. கொண்டாட்டங்களில் இந்தப் பகுதி போதிய அளவு பேசப்படுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

தங்கள் இரண்டாவது கேள்விக்கு 1973உம் 1991உம் விடை தருகின்றன. 1973 அக்டோபரில் சிரியாவின் லட்டாக்கியா அருகே இரு தரப்பிலும் ஏவுகணைப் படகுகள் மோதிய முதல் சண்டை நடந்தது. இஸ்ரேலியப் படகுகளின் ஏவுகணை குறைந்த தூரமே செல்லக்கூடியது. ஆனால் ரேடாரை ஏமாற்றும் உலோக இழைகளையும் மின்னணுக் கருவிகளையும் கொண்டு அவை எதிரியின் ஏவுகணைகளைத் திசைதிருப்பிவிட்டு, நெருங்கிச் சென்று வென்றன. 1991 வளைகுடாப் போரிலோ, ஈராக்கின் சிறு படகுகள் ஹெலிகாப்டர்களிலிருந்து ஏவப்பட்ட சிறிய ஏவுகணைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரையாகின. வானிலிருந்து வரும் ஆபத்தைக் கண்டறியும் ரேடாருக்கும் அதைச் சமாளிக்கும் ஆயுதத்துக்கும் இருநூறு டன் படகில் இடம் போதாது. அவற்றையெல்லாம் ஏற்றத் தொடங்கினால் படகு வளர்ந்து ஐந்நூறு டன், ஆயிரம் டன் கப்பலாகிவிடும். ஏவுகணைப் படகுகள் பல நாடுகளில் கார்வெட் என்னும் சிறு போர்க்கப்பலாக உருமாறியதன் காரணம் இதுதான்.

கேள்வி: வாட்டர் ஜெட் என்பது என்ன? நம் கடற்பகுதிக்கு அது பொருத்தமானதா?
— கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: படகின் அடியிலிருந்து நீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் விசிறியால் வேகப்படுத்தி, பின்புறமாகப் பீய்ச்சி அடிப்பதே வாட்டர் ஜெட். நியூசிலாந்தின் மலைநாட்டில் ஆடு வளர்த்துவந்த பில் ஹாமில்டன், கணுக்கால் அளவே நீர் ஓடும் கூழாங்கல் ஆறுகளில் படகு ஓட்ட விரும்பி, 1950களில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லரும் சுக்கானும் இல்லாததால் படகு ஆழமற்ற நீரிலும் செல்லும். பீய்ச்சும் நீரை ஒரு தடுப்புக் கிண்ணத்தால் முன்நோக்கித் திருப்பிவிட்டால், முழு வேகத்தில் ஓடும் படகும் குறைந்த தூரத்தில் நின்றுவிடும்.

பாக் நீரிணைப் பகுதியில் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு. ராமர் சேது மணல்திட்டுகளை ஒட்டிய இடங்களில் அதைவிட வெகு குறைவு. அங்கே வாட்டர் ஜெட் மிகவும் பொருத்தமானது. கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ. கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்ட கார் நிக்கோபார் வகைக் கலங்களில் மூன்று டீசல் எஞ்சின்கள் மூன்று வாட்டர் ஜெட்களை இயக்குகின்றன. அதற்கும் எட்டாத திட்டுகளுக்காகத்தான் மண்டபத்தில் கடலோரக் காவல்படை, காற்று மெத்தையின் மேல் நீரிலும் மணலிலும் ஓடும் ஹோவர்கிராஃப்ட்களை வைத்திருக்கிறது. குறையும் உண்டு: ரோந்துப் பணியின் பெரும்பகுதி மெதுவாக ஊர்வதுதான், அந்த வேகத்தில் வாட்டர் ஜெட் புரொப்பெல்லரைவிட அதிக எரிபொருளைக் குடிக்கும். அறுந்த வலைத் துண்டும் பிளாஸ்டிக் பையும் உறிஞ்சுவாயை அடைத்துக்கொள்ளும் தொல்லை வேறு.

கேள்வி: ஆடிக்கொண்டே இருக்கும் சிறு படகிலிருந்து பீரங்கியால் எப்படிக் குறி வைக்கிறார்கள்?
— வாசகர், அருவங்காடு

பதில்: படகின் ஆட்டத்தை கைரோ கருவி நொடிக்குப் பல முறை அளந்து, அதற்கு நேரெதிராகப் பீரங்கியை மின்மோட்டார்கள் அசைத்துக்கொண்டே இருக்கும். கார் நிக்கோபார் வகையில் உள்ள 30 மி.மீ. பீரங்கிக்கு, பகலிலும் இரவிலும் இலக்கைப் பார்க்கும் கேமரா தாங்கிய தனித் தூண் ஒன்று உண்டு. சுடுபவர் அதன் வழியாகவே குறி வைக்கிறார். கையால் பிடித்துச் சுடும் இயந்திரத் துப்பாக்கியில் இந்த உதவி இல்லாததால், படகு அலையின் உச்சியில் ஒரு கணம் நிலைகொள்ளும்போது சுடப் பழக்குகிறார்கள்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். படகு வடிவமைப்பு படிக்க ஆசை. ஆனால் எங்கள் ஊரில் கடலே இல்லையே என்று வீட்டில் தயங்குகிறார்கள். மலையில் வளர்ந்தவளுக்கு இது சரிப்படுமா, ஐயா?
— மாணவி, கொடைக்கானல்

பதில்: நன்றாகவே சரிப்படும், அம்மா. இந்தத் துறையின் அடிப்படைக் கண்டுபிடிப்பே கடலில் நிகழவில்லை. இங்கிலாந்தின் டார்க்கேயில் வில்லியம் ஃப்ரூட் தன் வீட்டருகே ஒரு நீண்ட தொட்டியை அமைத்து, 1872 முதல் அதில் மெழுகு மாதிரிகளை இழுத்துச் சோதித்துத்தான் கப்பல்களின் நீர்த்தடையைக் கணக்கிடும் முறையை வகுத்தார். இன்றும் பல நாடுகளில் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்தே சோதிக்கிறார்கள். விசாகப்பட்டினத்தில் உள்ள கடற்படை அறிவியல் ஆய்வகத்தில் 500 மீட்டர் நீளமுள்ள அதிவேகத் தொட்டி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும் கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் இதற்கான பட்டப்படிப்புகள் உள்ளன. கணிதத்தையும் இயற்பியலையும் உறுதியாகப் படித்துக்கொள். நுழைவுத் தேர்வில் கேட்பதும் அவற்றோடு வேதியியலும்தான்.

விண்ணப்பிக்கும் நாள் வரை காத்திருக்காமல் உன் ஏரியிலேயே தொடங்கலாம். 25 மீட்டர் நீளமும் 50 டன் எடையும் கொண்ட ரோந்துப் படகு 40 நாட் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள். அதை 25இல் ஒரு பங்காகச் சுருக்கினால் மாதிரியின் நீளம் 1 மீட்டர். எடை நீளத்தின் முப்படி விகிதத்தில் குறையும். எனவே 50,000 கிலோவை 15,625ஆல் வகுத்தால் 3.2 கிலோ. வேகம் நீளத்தின் வர்க்கமூல விகிதத்தில் குறையும். எனவே 40 நாட்டை 5ஆல் வகுத்து 8 நாட், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர். இது ஒருவர் நன்றாக ஓடும் வேகம்தான். காற்று எழாத அதிகாலையில், படகுத்துறையினரிடம் அனுமதி பெற்று, பெரியவர் ஒருவர் துணையோடு, கரையோரமாக மாதிரியை ஒரு நீளக் கழியில் கட்டிய சுருள்வில் தராசின் வழியாக இழுத்துக்கொண்டு நட, பிறகு ஓடு. நொடிக்கு 1 மீட்டரில் தொடங்கி, அரை மீட்டர் வீதம் கூட்டி, ஒவ்வொரு வேகத்திலும் தராசு காட்டும் அளவைத் தோழியைக் குறித்துக்கொள்ளச் சொல். எண்களை வரைபடமாக வரைந்தால், நொடிக்கு ஒன்றேகால் மீட்டரைத் தாண்டியதும் கோடு செங்குத்தாக ஏறும். தட்டையான அடிப்பகுதியுள்ள மாதிரியில் அந்த ஏற்றம் இன்னும் கூடுதல் வேகத்தில் தணியத் தொடங்குவதையும், உருண்டையான மாதிரியில் தொடர்ந்து ஏறிக்கொண்டே போவதையும் ஒப்பிட்டுப் பார். இரண்டு வரைபடங்களையும் எங்களுக்கு அனுப்பினால், அடுத்து எந்த அளவை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.